திரை இருக்கிறது, ஆசிரியர் எங்கே?

2022 அக்டோபரில், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் பணியாற்றிய பைஜூஸ் ஊழியர்கள், தங்களிடம் கட்டாயப்படுத்தி ராஜினாமா கடிதம் கேட்கப்படுவதாகக் கேரளத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் வி.சிவன்குட்டியிடம் முறையிட்டனர். பாதிக்கப்பட்டோர் 170க்கும் மேல். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் அமைப்பான பிரதித்வனி அவர்களுக்குத் துணைநின்றது. அரசு தலையிட்டது, நிறுவனம் பின்வாங்கி, அலுவலகம் தொடரும் என்று அறிவித்தது. 2,200 கோடி டாலர் மதிப்பு என்று அந்த ஆண்டில் மெச்சப்பட்ட நிறுவனம் அது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் தள்ளப்பட்டது. முதலீட்டாளரின் இலாபக் கணக்கில் ஏற்றப்பட்ட கல்விக்கு, ஊழியரும் மாணவரும் ஒரே நேரத்தில் விலை கொடுத்தனர்.

அதே நகரத்தின் பூஜப்புரையில் வேறொரு நிறுவனம் இயங்குகிறது. பள்ளிக் கல்விக்கான அரசின் தொழில்நுட்ப அமைப்பான ‘கைட்’ அது. 2005இல் தொடங்கப்பட்ட அதன் விக்டர்ஸ் தொலைக்காட்சியில், பெருந்தொற்று ஊரடங்கின்போது, 2020 ஜூன் 1 அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் ஆரம்பமாயின. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் என்று அரசின் கணக்கெடுப்பே கூறியது. முதல் நாளிலேயே, பாடத்தைப் பார்க்க வழியற்ற ஒரு தலித் மாணவியை மலப்புரம் மாவட்டம் இழந்தது. அந்தத் துயரத்தை மறைத்துவிட்டு ஃபர்ஸ்ட் பெல்லின் வெற்றியைப் பேச முடியாது. தொடக்க வாரங்கள் சோதனை ஒளிபரப்பாக்கப்பட்டு, பாடங்கள் மறுஒளிபரப்பாயின. வாசகசாலைகளும் குடும்பஸ்ரீ அமைப்புகளும் பொதுக் கல்வி மையங்களை நடத்தின. வாலிபர் சங்கத்தினர் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திரட்டித் தந்தனர். வகுப்பாசிரியர்கள் தொலைபேசியில் மாணவர்களைத் தொடர்ந்தனர். தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் தனி வகுப்புகள் உருவாயின. திரைக்குப் பின்னால் ஒரு முழுச் சமூகம் நின்றது.

பள்ளியைத் தாண்டிய பின் இந்த ஏற்பாடு யாருக்கு உண்டு? பள்ளிப் படிப்பை இடையில் விட்டோர், பகலில் கடையில் நின்று மாலையில் படிப்போர், திருமணத்துக்குப் பின் மீண்டும் தொழில் கற்க வரும் பெண்கள் ஆகியோரே சமுதாயக் கல்லூரியின் மாணவர்கள். 1990களின் நடுவில் புதுவையிலும் சென்னையிலும் அந்தக் கல்லூரிகள் இவர்களுக்காகவே பிறந்தன. கழக்கூட்டத்தில் அசாப் அமைத்த சமுதாயத் திறன் பூங்காவும் இதே தேவையிலிருந்து எழுந்ததுதான். இணையப் பாடம் இவர்களின் நேரத்துக்கு ஒத்துவரும், பயணச் செலவை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அமெரிக்க அனுபவம் எச்சரிக்கிறது. வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளின் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நேரடி வகுப்பைவிட இணைய வகுப்பில் மாணவர்கள் பின்தங்குவதைக் கண்டனர். கறுப்பின மாணவர்களிடமும், ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடமும் அந்தச் சரிவு கூடுதலாக இருந்தது. யாருக்காக இணையக் கல்வி என்று முழங்கப்படுகிறதோ, அவர்களே அதில் அதிகம் தோற்கிறார்கள். கேள்வி கேட்டால் அப்போதே பதில் தர ஆளில்லாத வகுப்பில், முதல் தலைமுறை மாணவர் வேறென்ன செய்வார்?

இந்தப் பாடத்தைக் கற்க ஒன்றிய அரசுக்கு விருப்பமில்லை. 2017இல் ‘ஸ்வயம்’ இணைய மேடை தொடங்கப்பட்டது. அதன் வழியே பெறத்தக்க மதிப்புப்புள்ளிகளின் உச்சவரம்பு முன்பு 20 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் அதை 40 சதவீதமாக்கியது. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம். பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். மாணவருக்குத் தெரிவு கூடுகிறது என்பது விளக்கம். காலிப் பணியிடத்தை நிரப்பாமலே ஒரு துறையை நடத்த நிர்வாகத்துக்கு வழி கிடைக்கிறது என்பதே நடைமுறை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ‘நெகிழ்வு’ என்று அழைப்பது பல கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளரின் வேலையையும் சேர்த்தே விழுங்கும்.

விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைப்பேசிக்குத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்கு உருக்கொடுக்க வந்ததே கேஃபோன். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. 2023 ஜூன் 5 அன்று தொடங்கியபோது முதற்கட்டமாக 14 ஆயிரம் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தூரம் நெடியது என்பதை ஒப்புக்கொண்டே அதை விரைவுபடுத்தக் கோர வேண்டும். பூஜப்புரையில் பள்ளிக்கு உள்ளதைப்போல் தாய்மொழியில், கட்டற்ற மென்பொருளில் இயங்கும் ஒரு பொது மேடை சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஐடிஐகளுக்கும் தேவை. ஒவ்வொரு இணையப் பாடத்துக்கும் பொறுப்பான ஒரு நிரந்தர ஆசிரியர், மாலையில் திறந்திருக்கும் ஒரு கணினி அறை, இரண்டுக்கும் அரசு நிதி வேண்டும். 40 சதவீத விதியை ஏற்கும் பல்கலைக்கழகங்கள், தங்களிடம் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன என்ற பட்டியலையும் அதனுடன் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று மாணவர், ஆசிரியர் இயக்கங்கள் இப்போதே வலியுறுத்த வேண்டும்.