தாயில்லாமல் பிறக்கும் மெஷின்

கரி அடுப்பு, பழைய பிஸ்டன், நிறைய பொறுமை: வீட்டுப் பட்டறைக்காரர்கள் நடத்தும் பாடம்

கடையில் விற்கும் ஒன்றை எதற்கு மெனக்கெட்டு வீட்டில் செய்ய வேண்டும்? ஊறுகாய் போடுகிறவரையும் ஸ்வெட்டர் பின்னுகிறவரையும் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மில்லிங் மெஷின் செய்கிறவரைக் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. லேத்தில் இரும்பு சுழலும். வெட்டும் உளி சுழலாது. மில்லிங்கில் எல்லாம் தலைகீழ். பல் வைத்த கட்டர் சுழல, மேஜைமேல் இறுகப் பிடித்த இரும்பு மெல்ல நகர்ந்து அதனிடம் போகும். சமதளம், பள்ளம், பல்சக்கரத்தின் பல் என்று உருண்டையாக இல்லாத பலதுக்கும் இதுதான் கதி. 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வளர்ந்து, பின்னர் தையல் மெஷினையும் சைக்கிளையும் ஆயிரக்கணக்கில் சாத்தியமாக்கிய இயந்திரம் இது. மற்ற மெஷின்களைப் பெற்றுத் தரும் தாய் மெஷின்களில் ஒன்று. தாயையே வீட்டில் செய்வதா?

செய்யலாம் என்று ஊருக்கே பாடம் நடத்தியவர் டேவ் ஜிங்கரி (1932-2004). அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர். 1980களில் அவர் வெளியிட்ட ஏழு சின்னப் புத்தகங்களுக்கும் கருத்து ஒன்றுதான்: காயலான் கடைச் சாமானிலிருந்து ஒரு முழுப் பட்டறையை எழுப்பிவிடலாம். முதல் புத்தகம் கரி அடுப்பு. ஒரு இரும்பு வாளி, உள்ளே தீக்களிமண்ணும் மணலும் குழைத்த பூச்சு, காற்று ஊத ஒரு சின்ன புளோயர். அவ்வளவுதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் என்பதால் இந்த அடுப்பே தாராளம். பழைய பிஸ்டன்களை உருக்கி, மரத்தில் செய்த மாதிரியை ஈர மணலில் பதித்து எடுத்த அச்சில் ஊற்றினால் வார்ப்பு தயார். அடுப்பிலிருந்து லேத் பிறக்கிறது. அடுத்து ஷேப்பர். இரண்டின் தயவில் நான்காவது புத்தகத்தில்தான் மில்லிங் மெஷின் வருகிறது.

இதில் வேடிக்கை, லேத் பாதி முடிந்த நிலையிலேயே வேலைக்கு வந்துவிடுவது. தன் மீதி உறுப்புகளைத் தானே கடைந்துகொள்கிறது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழ வேண்டும். கோணல் மெஷினில் கடைந்த உறுப்பு கோணலாகத்தானே இருக்கும்? துல்லியமான மெஷின் செய்ய இன்னொரு துல்லியமான மெஷின் வேண்டுமென்றால், முதல் மெஷினை யார் செய்தது?

விடை பழையது. இரண்டு இரும்புத் தட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, அதன்மேல் மற்றதை வைத்து எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த மேடுகளைக் கையால் ஸ்கிரேப்பர் பிடித்துச் சுரண்ட வேண்டும். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். கடைசியில் இரண்டும் பொருந்திவிடும். ஆனால் ஒன்று கிண்ணம்போல் குழிந்து மற்றது அதே அளவு குவிந்திருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். மூன்றாவது தட்டு வந்ததும் இந்த ஏமாற்று வேலை நடக்காது. மூன்றையும் மாற்றி மாற்றி, திருப்பித் திருப்பி வைத்து, எந்த இரண்டும் பொருந்துகிறது என்றால் மூன்றும் சமதளமாக இருந்தே ஆக வேண்டும். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசஃப் விட்வொர்த், 1840ல் கிளாஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் முன் விளக்கிய முறை இது. மூன்றில் ஒன்றுகூட முதலில் ஒழுங்காக இல்லை. ஒழுங்கான எதையும் பார்த்துக் காப்பி அடிக்கவும் இல்லை. ஆனாலும் முடிவில் ஒழுங்கு வருகிறது. தப்பைக் காட்டிக்கொடுக்க ஒரு வழி இருந்தால் போதும், துல்லியத்துக்குத் தாய் தேவையில்லை.

ஜிங்கரியின் லேத்திலும் இந்த நீலச் சாயமும் சுரண்டலும் உண்டு. வீட்டுப் பட்டறையில் நாட்கள் கரைவது பெரும்பாலும் இந்த மாதிரி வேலையில்தான்.

இத்தனை உழைப்புக்குப் பிறகும் இந்தப் பாதை ராஜபாட்டையல்ல. மில்லிங் கட்டரின் ஒவ்வொரு பல்லும் இரும்பைத் தொடும்போது ஒரு சுத்தியல் அடி விழுகிறது. அதைத் தாங்கி வளையாமல் நிற்பதுதான் மெஷினின் முதல் தகுதி. எஃகின் விறைப்பில் அலுமினியத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பிடித்த கம்பியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அது எட்டு மடங்கு வளையும். கணக்கு தெரியாமல் தூணை உயர்த்தினால், மெஷின் வெட்டாது; நடுங்கும். இதனால்தான் இன்றைய வீட்டுப் பட்டறைக்காரர்கள் பலர் எஃகுக் கூட்டுக்குள் எபாக்ஸி பிசினில் கருங்கல் ஜல்லியைக் குழைத்துக் கொட்டுகிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனம் 1970களில் கிரைண்டிங் மெஷின்களில் கையாண்ட உத்தி இது. அதிர்வை விழுங்குவதில் வார்ப்பிரும்பையே இது மிஞ்சும்.

குறுக்கு வழி தேடுபவர்களும் உண்டு. இருக்கிற டிரில்லிங் மெஷினில் மில்லிங் கட்டரை மாட்டிவிட்டால் என்ன? டிரில்லிங் மெஷின் மேலிருந்து கீழே அழுத்தத்தான் பிறந்தது. பக்கவாட்டில் தள்ளினால், கூம்பு வடிவப் பிடிப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் சக் நழுவி, சுழன்றபடியே கழன்று விழலாம். அடுப்புக்கும் தனி மரியாதை வேண்டும். அச்சு மணலுக்கு அளவான ஈரம் நல்லது. அதே நீர் உருகிய உலோகத்துக்கு அடியில் சிக்கினால் நீராவியாக வெடிக்கும். பழைய எஞ்சின் பாகங்களுக்குள் மெக்னீசியம் கலந்துவிட்டால், அது தீப்பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கும். சுழலும் கட்டர் பக்கத்தில் கையுறை போடுவது பாதுகாப்பல்ல, ஆபத்து.

செலவு மிச்சம் என்பதும் பாதிதான் உண்மை. மோட்டார், பேரிங், எஃகுப் பட்டை, அளவுக் கருவிகள் என்று எல்லாம் காசு. மேஜைமேல் வைக்கும் சின்ன சீன மில்லிங் மெஷின் இன்று ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஸ்டெப்பர் மோட்டாரும் லினக்ஸ்சிஎன்சி போன்ற இலவச மென்பொருளும் சேர்ந்தால் கம்ப்யூட்டரே அதை ஓட்டும். ஆனால் கம்ப்யூட்டருக்கு மேஜை கோணலா என்று தெரியாது. கோணலான மெஷினை, கட்டளை பிசகாமல் கோணலாகவே ஓட்டிக்கொண்டிருக்கும்.

செய்தவருக்குத் தெரியும். நெட்டுக்குத்தான ஸ்பிண்டிலில் டயல் கேஜை மாட்டி, மேஜைமேல் ஒரு வட்டம் சுற்றி வந்தால், முள் ஆடும் அளவைப் பார்த்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எந்த போல்ட்டைத் தளர்த்தி எங்கே மெல்லிய தகடு கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஏனென்றால் அந்த இடத்தைச் சுரண்டியவர் அவர். வாங்கியவர் மெக்கானிக்குக்குக் காத்திருக்க வேண்டும்.

நாடுகளுக்கும் இதே கேள்வி உண்டு. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில், 1953ல், பெங்களூரில் எச்.எம்.டி. உருவானது. வாட்சுக்காக அல்ல, வாட்ச் பிறகு வந்தது. முதல் வேலை மெஷின் டூல். அதற்கும் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் கேட்கத்தான் வேண்டியிருந்தது. பட்டாலாவிலும் ராஜ்கோட்டிலும் கோவையிலும் சின்னப் பட்டறைக்காரர்கள் தங்கள் வழியில் அதே பாடத்தைப் படித்தார்கள். பொழுதுபோக்காக அல்ல, வயிற்றுப்பாட்டுக்காக. எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனிக்கு 2016ல் அரசு மூடுவிழா நடத்தியது. வாட்சை வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம். மெஷினைச் சுரண்டி நேராக்கிய கைகளுக்கு வயதாகி, அந்த இடத்துக்குப் புதுக் கைகள் வராமல் போனால், அதை எந்தக் கடையில் வாங்குவது?

எல்லோரும் பிஸ்டன் உருக்க வேண்டும் என்பதில்லை. வாங்குவதும் தப்பில்லை. செய்யத் தெரிந்துகொண்டு வாங்குவது ஒன்று. வேறு வழி தெரியாமல் வாங்குவது இன்னொன்று. விற்கிறவனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.