சிவன் மேல் ஒரு பிராது

‘மெலூஹாவின் அமரர்கள்’ நாவலைப் படித்தவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், முதலில் வந்து விழுவது ஒரு புகார்தான்: “அதுக்காக சிவனை இப்படியா பேச விடுறது?” அமீஷ் திரிபாதியின் சிவன் கண்மூடித் தவத்தில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. மானசரோவர் ஏரிக்கரையில் ஒரு சின்னக் குலத்துக்குத் தலைவன். கஞ்சா இழுப்பான், கூட்டாளி வீரபத்ரனைக் கிண்டலடிப்பான், கோபம் வந்தால் வாயில் கண்டதும் வரும்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். காலம் கி.மு. 1900. சிந்து நதிப் பக்கம் மெலூஹா என்றொரு பேரரசு. நேர்கோடு பிடித்த தெரு, வடிகால், சட்டம், ஒழுங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த மொஹஞ்சதாரோவுக்கு உயிர் வந்தது போல் இருக்கும். அங்கே கொடுத்த சோமரசத்தைக் குடித்ததும் சிவனுக்குத் தொண்டை நீலமாகிவிடுகிறது. நம்மைக் காக்க வரவேண்டிய நீலகண்டன் இவன்தான் என்று சனங்கள் காலில் விழுகிறார்கள். இவனோ சக்கரவர்த்தி தட்சனின் மகள் சதியின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறான்.

எழுதியவர் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்து, வங்கி, காப்பீடு என்று நிதித்துறையில் வேலை பார்த்தவர். பல பதிப்பகங்கள் வேண்டாமென்று திருப்பிவிட, 2010இல் தன் முகவரின் துணையோடு வெளியிட்டார். முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சடித்து, கடைகளில் இலவசமாக வைக்கச் சொன்னாராம். மளிகைக்கடையில் வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கக் கொடுக்கிற அதே வியாபாரம்தான். 2011இல் இரண்டாம் பாகம், 2013இல் மூன்றாம் பாகம். தமிழில் பவித்ரா ஸ்ரீநிவாசன் மொழிபெயர்த்தார்.

சங்கராபுரத்தில் என் பிரதி கைமாறிக் கைமாறி அட்டை மடங்கிப்போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு கையும் ஒரு தீர்ப்போடுதான் திருப்பித் தந்தது.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பழுத்த சாண்டில்யன் ரசிகர். மூன்று பாகம் என்றதும் அவர் அசரவில்லை. “கடல் புறா மூணு பாகத்தையும் குமுதத்துல வாராவாரம் காத்திருந்து படிச்சவன் தம்பி நான். இதுல பொண்ணு வர்றா, ஒரு பக்கம் வர்ணனை கூட இல்லாம கதை நகர்ந்துடுது. இது என்ன காதல்?” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடல் புறாவில் மஞ்சளழகியின் இடையைத் தாண்டிக் கதை நகர சாண்டில்யனுக்கு அரை அத்தியாயமாவது வேண்டும். அமீஷின் காதல் சினிமா வேகம்: பார்த்தான், விழுந்தான், நடன ஆசிரியர் முன்னால் போய் ஆடிக்காட்டினான். சிவன் ஆடினால் யார்தான் மயங்கமாட்டார்கள்? அங்கே நாவலாசிரியருக்குப் பெரிய வேலை இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் சிவனை மனிதனாக இறக்கிவிட்டார் என்ற பிராதை மட்டும் இந்த மாவட்டத்துக்காரர்கள் கொடுக்கக் கூடாது. சுந்தரர் பிறந்த திருநாவலூர் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் கல்யாணத்தன்று ஒரு கிழவர் பந்தலுக்குள் நுழைந்து, ‘இவன் பாட்டன் எனக்கு அடிமை எழுதிக் கொடுத்திருக்கிறான்’ என்று ஓலையை நீட்டிக் கல்யாணத்தை நிறுத்தினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் விட்டாரா? வெண்ணெய்நல்லூர் சபைக்கு இழுத்துப் போய், மூல ஓலையைக் காட்டி வழக்கை ஜெயித்தார். அந்தக் கிழவர்தான் சிவன்.

அதோடும் முடியவில்லை. திருவாரூர்ப் பரவையாரை மணந்த சுந்தரர் திருவொற்றியூருக்குப் போய்ச் சங்கிலியாரையும் மணந்துகொண்டார். திரும்பி வந்தால் பரவையார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. சுந்தரர் யாரைத் தூது அனுப்பினார்? சாட்சாத் சிவனையே. அவரும் நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் நடந்து போனார். முதல் தடவை அர்ச்சகர் வேடத்தில் போய், முடியாது என்ற பதிலோடு திரும்பினார்; மறுபடி போனார். நண்பனுக்காக இந்த நடை நடக்கிற கதாபாத்திரம் அமீஷுக்குக் கிடைத்திருந்தால் நாலாம் பாகமே எழுதியிருப்பார்.

நீலகண்டமும் இந்தக் கதையில் உண்டு. பூமிக்கு வருமுன் சுந்தரர் கயிலையில் ஆலால சுந்தரர். பாற்கடலில் எழுந்த நஞ்சைக் கையில் ஏந்தி வந்து சிவனிடம் கொடுத்தவர். அங்கே நந்தவனத்தில் இரண்டு பெண்கள் மேல் மனம் போனதால்தான் பிறவியே வாய்த்தது. அந்த இருவரே பரவையாரும் சங்கிலியாரும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதையெல்லாம் பெரியபுராணத்தில் பாடி வைத்துவிட்டார். மாயம், காதல், முற்பிறவி, சத்தியம் தவறிக் கண்ணிழப்பது என்று மூன்று பாகத்துக்கு வேண்டிய சரக்கு ஒரே ஆளிடம் இருக்கிறது.

இன்றைய பிராதுகூட அதே காப்பியத்தில் பதிவாகியிருக்கிறது. ‘ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்க இறைவனை ஏவலாளாக அனுப்புவதா?’ என்று ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். அவருக்குச் சூலை நோய் வந்தது. சுந்தரர் வந்தால்தான் தீரும் என்றார் சிவன். அவர் கையால் குணமாவதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார் கலிக்காமர்! கடைசியில் சிவன் உயிர் கொடுத்து இருவரையும் நண்பர்களாக்கினார். என் சிவனைத் தெருவுக்கு இழுக்காதே என்ற கோபம் அவ்வளவு பழசு. சிவன் எந்தக் கட்சி என்பதைச் சேக்கிழார் ஒளிக்கவில்லை.

இனி சதி. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் இந்த நாவலை இரண்டே இரவில் முடித்தாள். அவளுக்குச் சிவனைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லை. “சதிதான் அண்ணா கதை. அவளைத் தொட்டா தீட்டுங்கிறாங்க இல்ல, அந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சிட்டு எழுந்து போயிட்டேன்” என்றாள். மெலூஹாவில் ‘விகர்மா’ என்றொரு சட்டம். பெரிய துன்பம் வந்தவர்கள் போன பிறவியில் பாவம் செய்தவர்கள். அவர்களைத் தொடக் கூடாது. சதிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது, கணவனும் போய்விட்டான். ஆகவே சக்கரவர்த்தி மகளாக இருந்தும் அவள் விகர்மா. அவளைத் தொட்டுவிட்டுச் சுத்திச் சடங்கு செய்ய மறுக்கிறான் சிவன்; பிறகு அந்தச் சட்டத்தையே எடுக்க வைக்கிறான்.

இதைப் படிக்கக் கி.மு. 1900க்குப் போகவேண்டியதில்லை. போன தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பெண்ணுக்குச் சித்தி, வளர்த்ததே அவர்தான். விடியற்காலையிலிருந்து வெற்றிலை அடுக்கியது, சீர்த்தட்டுகளை எண்ணி வைத்தது, ஐயருக்குக் காப்பி போனதா என்று பார்த்தது எல்லாம் அவர். முகூர்த்த நேரம் நெருங்கியதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் போய், இலை எண்ணுவது போல் நின்றுகொண்டார். மேளம் கொட்டியபோது அங்கிருந்தே அட்சதையைத் தரையில் போட்டார். சாண்டில்யனின் இடை வர்ணனை இல்லாவிட்டாலும், தொடாதே என்றவளைத் தொட்டுவிட்டு ‘அதனால் என்ன’ என்று நிற்கிற அந்த ஒரு காட்சிக்காக இதைக் காதல் நாவல் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

வெள்ளிமலைப் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவருக்கு வேறொன்று பிடித்துக்கொண்டது. மெலூஹாவில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் அரசாங்கத்தின் ‘மைகா’வுக்குப் போகவேண்டும். பெற்றவர் யார் என்று தெரியாமல், எல்லோருக்கும் ஒரே படிப்பு, ஒரே பரீட்சை, அப்புறம்தான் தத்து. “கேக்க நல்லாத்தான் சார் இருக்கு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையை விட்டுட்டுக் கல்வராயன் மலைக்காரங்க இறங்கிப் போறப்ப முகத்தைப் பாத்தா தெரியும்” என்றார். நாவலாசிரியர் அதை ஒரு விளக்கவுரையாக முடித்துக்கொண்டு போய்விடுகிறார். முதல் பாகத்தில் எனக்கிருக்கும் பெரிய குறை அதுதான். யாராவது ஒருவர் உட்கார்ந்து சிவனுக்கு நாட்டு நடப்பை விளக்கிக்கொண்டே இருக்கிறார். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற தாயைக் காட்ட நேரமில்லை.

ஆனால் முதல் பாகத்தை மட்டும் படித்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் ஏமாறுவார்கள். மெலூஹா நல்லது, சோமரசம் அமிர்தம், எதிரி நாட்டுச் சந்திரவம்சிகள் கெட்டவர்கள் என்று நம்ப வைத்து, போரிலும் ஜெயிக்க வைத்து, பிறகுதான் சிவன் அவர்களின் அயோத்திக்குப் போய்த் தான் தப்பான பக்கம் நின்றோமோ என்று திகைக்கிறான். அதோடு நாகன் ஒருவன் சதியைத் தாக்க வரும் இடத்தில் புத்தகம் அறுந்து நிற்கிறது. அந்தச் சோமரசமே தீமை என்பது மூன்றாம் பாகத்தில்தான் உறுதியாகும். அதன் கழிவு ஆற்றில் கலந்து இன்னொரு நாட்டில் கொள்ளைநோயாகிறது. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். தட்சனின் மகள் கதி என்ன ஆகும் என்று புராணம் கேட்ட யாருக்குத் தெரியாது? நம் பக்கத்து பாரதக் கூத்தில் விடிகாலை துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று தெரிந்தும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கிற சனங்கள்தானே நாம்.

இதை அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். “சதி சாகப் போறாள்னு தெரியும் அண்ணா. யார் கையாலன்னுதான் தெரியணும். ரெண்டாம் பாகம் யார்கிட்ட இருக்கு?”

ஆலைக்காரப் பெரியவரிடம். வர்ணனை போதாது என்றவர் மூன்றாம் பாகத்தையும் சேர்த்து வாங்கிப் போனார். கேட்டால், “படிச்சிட்டிருக்கேன் தம்பி” என்கிறார்.