விண்டோ டிரஸ்ஸிங்

பி.காம். படித்தவர்களுக்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: வருஷக் கடைசியில் கம்பெனியின் நிலைமை சுமாராக இருந்தால், பேலன்ஸ் ஷீட்டுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக் காட்டுவது. பார்க்கிறவர்கள் 'பரவாயில்லையே' என்று போய்விடுவார்கள். இந்தக் கைங்கரியத்தைக் கம்பெனிக்குச் செய்து செய்தே கண்ணுக்குக் கீழே கருவளையம் வாங்கிய அக்கவுன்டன்ட்டுகள் பலரை எனக்குத் தெரியும். மார்ச் 31 நெருங்கினால் அக்கவுன்ட்ஸ் செக்ஷன், பாண்டா கரடிகளின் வட்ட மாநாடு மாதிரி இருக்கும்.

பேலன்ஸ் ஷீட்டுக்குச் செய்ததை முகத்துக்கும் செய்யலாம். வஸ்துவின் பெயர் கன்சீலர். 'சே, லேடீஸ் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டப் போகிற பிரம்மசாரிகள் கொஞ்சம் பொறுக்கவும். தெருக்கூத்தில் விடிய விடிய அரிதாரம் பூசிக்கொண்டு துரியோதனனாக மட்டுமல்ல, திரௌபதியாகவும் நின்றவர்கள் காலம் காலமாக ஆண்கள்தான். அதனால் யாருடைய மீசையும் உதிர்ந்ததாகத் தகவல் இல்லை.

இந்த வஸ்துவுக்குப் பாட்டன் சினிமா. ஹாலிவுட்டில் மாக்ஸ் ஃபாக்டர் என்கிற மேக்கப்காரர் கலர் படங்களுக்காக 1937-ல் 'பான்கேக்' கொண்டுவந்தார். அது கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் பான்கேக் லாரி லாரியாக வாங்கப்பட்டதை, அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். மாக்ஸ் ஃபாக்டர் 1938-ல் காலமானார். அவர் பெயரிலிருந்த கம்பெனி 1954-ல் 'இரேஸ்' என்று ஒரு குச்சியை வெளியிட்டது. முகம் பூராவும் சுண்ணாம்பு அடிக்காமல், கறை இருக்கிற இடத்தில் மட்டும் தடவிக்கொள்ளலாம். அதுதான் இன்றைய கன்சீலருக்கு அப்பன்.

எனக்கு இந்த ஞானமெல்லாம் வந்தது என் சித்தப்பா மகனால். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களை ராத்திரியெல்லாம் இங்கே உட்கார்ந்து சரிபார்க்கிற கம்பெனியில் வேலை. டீம் லீடர் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ வந்தது.

"கண்ணைப் பார்த்தாலே இவன் தாங்க மாட்டான்னு முடிவு பண்ணிருவாங்கண்ணே" என்றான்.

தி.நகரில் ஒரு கடைக்குப் போனோம். கவுன்ட்டரிலிருந்த பெண், "மேடத்துக்கு என்ன ஸ்கின் டோன் சார்?" என்றார்.

"இவர்தான் மேடம்" என்று தம்பியைக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்காமல் இருந்தது தொழில் தர்மம்.

ஹனி, கேரமல், மோகா, ஆல்மண்ட்... ஷேடுகளின் பெயரைக் கேட்டால் ஐஸ்க்ரீம் பார்லருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். தம்பி நேராக இரண்டு ஷேடு வெளுப்பானதில் கை வைத்தான். இது அவன் தப்பில்லை. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் வந்தது. அதன் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆனது 2020-ல். நடுவில் 45 வருஷம் நம் வீட்டுக் கண்ணாடிகளெல்லாம் வெளுப்பைத்தான் பாடமாகச் சொல்லிக் கொடுத்தன. ஆனால் கன்சீலரிடம் அந்த ஜம்பம் பலிக்காது. மாநிறத் தோலின் கருவளையத்தில் வெளுப்பானதைத் தடவினால், அந்த இடம் சாம்பல் பூத்துத் தெரியும். பாண்டா கரடியின் நெகடிவ்! உங்கள் நிறம் எதுவோ அதை ஒப்புக்கொண்டால்தான் இது வேலை செய்யும். கண்ணுக்குக் கீழே வேண்டுமானால் அரை ஷேடு தூக்கலாம். தழும்புக்கு அச்சு அசலாக உங்கள் நிறமே வேண்டும். புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் எல்லாருமே மாப்பிள்ளைதான்.

வாங்குவதற்கு முன் வீட்டுக் கண்ணாடியில் ஒரு ஆடிட். கருவளையம் மூன்று ரகம். நேர் வெளிச்சத்தில் முகத்தை நிமிர்த்தினால் காணாமல் போகிறதா? அது கறுப்பே அல்ல, பள்ளத்தின் நிழல். தோலை லேசாக இழுத்துப் பார்த்தால் நீலமாக, ஊதாவாகத் தெரிகிறதா? அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள். கண்ணைச் சுற்றி இருப்பதுதான் உடம்பிலேயே மெல்லிய தோல், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். உள்ளே நடப்பதை மறைக்கத் தெரியாத வெள்ளந்தித் தோல். எப்படிப் பார்த்தாலும் பழுப்பாகவே இருந்தால், அது நிறமியின் வேலை. வெயில், கண்ணைக் கசக்கும் வழக்கம், பரம்பரை எல்லாம் காரணம்.

இனிமேல் வருவது டபுள் என்ட்ரி. ஒரு நிறத்தை அடக்க அதன் எதிர் நிறம். நீலமோ ஊதாவோ டெபிட் ஆகியிருந்தால் ஆரஞ்சு அல்லது பீச் நிறத்தைக் கிரெடிட் செய்ய வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஆரஞ்சு பொருந்தும். பழுப்புக்கும் அதே. சிவந்த பருவுக்குப் பச்சை. இந்த 'கரெக்டர்' மெல்லிசாக ஒரு கோட்டிங், அதன் மேல் உங்கள் நிறக் கன்சீலர் மெல்லிசாக ஒரு கோட்டிங். கணக்கு டேலி.

போடுகிற முறை: முகம் கழுவி, ஷேவ் செய்து, மாய்ஸ்சரைசர் தடவி, அது உள்ளே போகும்வரை பேப்பரில் ராசிபலன் படியுங்கள். பிறகு ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி அளவு. அதற்கு மேல் போட்டால் சிரிக்கும்போது வெடிப்பு விடும். மோதிர விரலால் தொட்டு வையுங்கள், அதற்குத்தான் அழுத்தம் குறைவு. விபூதி மாதிரி இழுக்கக் கூடாது, குங்குமம் மாதிரி ஒற்ற வேண்டும். கறுப்பாக இருக்கிற இடத்தில் மட்டும். கடைசியில் கொஞ்சூண்டு பவுடர். கொஞ்சூண்டு என்றால் கொஞ்சூண்டு. முகத்தில் மாவு மில் வைப்பது நம் இனத்துக்கே உள்ள பலவீனம்.

பருவுக்கு: புள்ளி வைத்து ஒரு நிமிஷம் விட்டு, ஓரங்களை மட்டும் கலைத்துவிடுங்கள். நடுவைத் தொட்டால் போட்டதெல்லாம் விரலுக்கு வந்துவிடும். 'நான்-காமிடோஜெனிக்' என்று போட்டிருந்தால் நல்லது, தோலின் துவாரங்களை அடைக்காத ரகம் என்று அர்த்தம். பருத் தழும்பின் பள்ளத்தை மட்டும் கன்சீலர் ஒன்றும் செய்யாது. நிறத்தை மறைக்கும், குழியை மறைக்காது. தார் பூசினால் குழி போய்விடாது என்பதை நம் தெருக்களில் டூ வீலர் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ராத்திரி கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும். ரூம்மேட்டுக்கு இரவல் தரக் கூடாது. பிளேடு மாதிரிதான் இதுவும்.

தம்பி இன்டர்வியூ போனான். டீம் லீடர் ஆனான். அதற்குக் காரணம் அவன் மூளைதான். கன்சீலர் செய்ததெல்லாம், எதிரே இருந்தவர்கள் கண்ணைப் பார்க்காமல் பதிலைக் கேட்கும்படி பார்த்துக்கொண்டது.

சிக்கல் அதற்குப் பிறகு. சித்தி சாத்தூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். வழக்கமாக முதல் கேள்வியே, "என்னய்யா முகம் இப்படிக் கறுத்துக் கெடக்கு? தூங்குனியா, இல்லியா?" இவன் எரிந்து விழுவான். இப்போது கன்சீலரோடு பேசினான். "இப்பத்தான்யா முகம் தெளிஞ்சிருக்கு. வேலை கொறஞ்சிருச்சு போல" என்று சித்தி நிம்மதியாகப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நாலு வாரம் இப்படியே ஓடியது. தூங்கினாயா என்று யாருமே கேட்கவில்லை.

ஒருநாள் என்னிடம் சொன்னான்: "நான் நாலு மணி நேரந்தான் தூங்குறேன்னு அம்மாவுக்குத் தெரிய வேற வழியே இல்லண்ணே. நானா வாய் தொறந்து சொல்லவும் மாட்டேன்."

அந்த ஞாயிறு முகத்தைத் துடைத்துவிட்டு போன் போட்டான். சித்தி ஒரு விநாடி பார்த்தார், அவ்வளவுதான். அவனுக்குத் திட்டு, எனக்குத் தனியாக ஒரு கால், திங்கட்கிழமை காலை நானும் அவனும் டாக்டர் வீட்டு பெஞ்சில். டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 9 சொச்சம். ஆம்பளைக்கு 13-க்குக் குறையக் கூடாது. தோல் வெளிறினால் கருவளையம் இன்னும் எடுப்பாகத் தெரியுமாம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க மேற்கொண்டு டெஸ்ட்களும் எழுதினார். சில மாதங்களில் கருவளையம் பாதி போனது. மிச்சப் பாதி சித்தப்பாவின் சொத்து. பத்திரப் பதிவு இல்லாமலே மகன் பெயருக்கு மாறியது.

ஆகவே இளைஞர்களே, பங்குதாரர்களுக்கு விண்டோ டிரஸ்ஸிங் காட்டுங்கள், தப்பில்லை. ஆபீஸ், இன்டர்வியூ, பாஸ்போர்ட் அப்ளிகேஷன் தவிர்த்த போட்டோக்கள் எதற்கும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆடிட்டரிடம் அசல் புக்கைத்தான் நீட்ட வேண்டும். உங்கள் முகத்துக்கு ஆடிட்டர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர். உருவம் மாறுகிற மச்சம், ஆறாத புண், நாள்பட்ட சோர்வு எதையும் பூசிக்கொண்டு அவர் முன்னால் போய் உட்காராதீர்கள். இன்னொருவர் ஃபீஸ் வாங்காதவர்.

சித்தி இப்போதெல்லாம் தூங்கினாயா என்று ஆரம்பிப்பதில்லை. போனை எடுத்ததும் முதல் கேள்வி:

"மொகத்தைத் தொடைச்சுட்டியாய்யா?"