சக்கரம் தரையில் இருக்கட்டும்!



இரண்டு மாதம் முன்பு எங்கள் ஏரியாவில் நடந்த ஒரு சம்பவத்தை வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நமக்குப் பாடமாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் பிளஸ் டூ முடித்ததும் "பைக் வாங்கித் தந்தாத்தான் காலேஜுக்குப் போவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். சாதாரண வண்டி போதாதாம், 200 சிசி வேண்டுமாம். என் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தோம். மூன்று வருஷமாக டவுன் பஸ்ஸில் இடிபட்டு காலேஜ் போய் வருகிற என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

ஆறு மாதம் கழித்துப் பால்காரர் சொன்னார். "அம்மா, உங்க பையனும் கூட்டாளிகளும் பைபாஸ்ல முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு ஒத்தச் சக்கரத்துல போறாங்க." கேட்டதற்கு, "அதுக்குப் பேரு வீலிங்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். நானும் திட்டினேன், அழுதேன், அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே அவனுடைய சிநேகிதன், 17 வயசுப் பையன், வீலிங் செய்து இறங்கும்போது முன் சக்கரம் கோணலாக விழுந்து, ரோட்டோரம் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் மேல் வண்டி ஏறிவிட்டது. அவருக்குத் தொடை எலும்பு முறிவு. பையனுக்கு வெறும் சிராய்ப்பு. என் மகன் எங்கே இருந்தான் தெரியுமா? பக்கத்தில் நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்!

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்ற வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சரி, தெரிந்துகொள்வோம் என்று தெருமுனை மெக்கானிக் தம்பியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். "அக்கா, இஞ்சின் சக்தி செயின் வழியா பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போகுது. முன் சக்கரம் சும்மா உருண்டு வருது. ஆக்சிலேட்டரைத் திடீர்னு முறுக்கினா, வண்டிய முன்னால தள்ளுற வேகம் கீழே தரையோரமா இருக்கு. வண்டி பாரம், ஆள் பாரம் எல்லாம் மேலே இருக்கு. தலையில குடம் வச்சுக்கிட்டு நிக்கிறவங்க காலை முன்னால வெடுக்குன்னு இழுத்தா குடம் எந்தப் பக்கம் விழும்? பின்னாலதானே? அதே கதைதான். பாரம் பின்னால போகுது, முன் சக்கரம் தூக்கிக்குது."

அதோடு விடவில்லை. வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். நிறுத்துவதிலும் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, ஏனென்றால் பிரேக் போடும்போது பாரம் முழுக்க முன்னால் வந்து அழுத்துகிறது. அந்தச் சக்கரமே காற்றில் இருந்தால் திருப்பவும் முடியாது, முன் பிரேக்கும் உதவாது. ராத்திரியானால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். "ஏபிஎஸ் இருக்கும்மா" என்பான் என் மகன். தரையைத் தொடாத சக்கரத்துக்கு ஏபிஎஸ் இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன?

வீட்டுக்கு வந்து அவனை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். முதல் முறையாக வாயடைத்துப் போனான். பிறகு போனில் ஒன்றைக் காட்டினான். "இதப் பாரும்மா, ரெண்டு சக்கரத்துக்கும் சக்தி போற பைக். இது இருந்தா விழவே மாட்டேன்."

நானும் பார்த்தேன். நல்ல விஷயம்தான். அமெரிக்காவில் ரோக்கான் என்ற கம்பெனி 1960களிலிருந்தே இப்படிச் செய்கிறதாம். முன் சக்கரத்துக்கும் தனியாகச் செயின் போகிறது. சக்கரத்தின் நடுப்பகுதி உள்ளே கூடாக இருப்பதால் அதில் பெட்ரோலோ தண்ணீரோ நிரப்பிக்கொள்ளலாம். காலியாக விட்டால் வண்டி தண்ணீரில் மிதக்குமாம்! கிறிஸ்டினி என்ற இன்னொரு கம்பெனி, செயினுக்குப் பதில் சட்டத்துக்குள்ளே சுழலும் தண்டுகள் வழியாக முன் சக்கரத்துக்குச் சக்தி அனுப்புகிறது. பின் சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றும்போது மட்டும் முன் சக்கரம் இழுக்க ஆரம்பிக்கும், மற்ற நேரம் சாதாரணமாக உருளும்.

"ஏண்டா, இதெல்லாம் எதுக்குச் செஞ்சாங்க?" என்று கேட்டேன். "காட்டுல, சேத்துல, மணல்ல மாட்டிக்காம போறதுக்கு" என்றான். "அப்படின்னா ரெண்டு சக்கரமும் தரையைப் பிடிக்கணும்னுதானே அவ்வளவு பாடுபட்டிருக்காங்க? நீ இருக்கிற ஒரு சக்கரத்தையும் தூக்கிக் காத்துல விடுறியே! தூக்கின சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அது எதைப் பிடிச்சு இழுக்கும்?" பதில் இல்லை.

மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அந்தப் பூக்கார அம்மாவின் கட்டிலருகே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்தேன். அவர் திட்டவில்லை. "வைகாசி முகூர்த்தமெல்லாம் போச்சு கண்ணு" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சாவியை அவனே என்னிடம் கொடுத்துவிட்டான். காலேஜுக்குப் போக மட்டும் காலையில் தருகிறேன். முழுசாக மாறிவிட்டான் என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சகோதரிகளே, சட்டமும் இப்போது நம்மைச் சும்மா விடாது. 2019 திருத்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அந்தப் பையனின் அப்பா இன்று கோர்ட்டுக்கு அலைகிறார். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த யூ டியூப் பிரபலத்தின் லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு ரத்து செய்தார்களே, மறந்துவிட்டோமா?

வண்டி ஓட்டும் ஆசை தப்பில்லை. நிஜமாகவே திறமை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. சென்னைப் பெண் அலிஷா அப்துல்லா அப்படித் தளத்தில் ஓட்டித்தான் பேர் வாங்கினார். பூக்காரரும் பள்ளிக் குழந்தையும் போகிற பொது ரோடு அதற்கான இடமில்லை.

பிள்ளை கேட்டதும் நகையைக் கழற்றிக் கொடுப்பதுதான் பாசம் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பிள்ளை சொன்னால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். மெக்கானிக் கடைக்குப் போய்த் தெரிந்துகொண்டு வாருங்கள். அழுகைக்கு மசியாத பிள்ளை நியாயத்துக்குக் கொஞ்சமாவது மசிகிறான். அப்படியே, பஸ்ஸில் போகும் மகளையும் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். சங்கிலியை மீட்டதும் என் மகளுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன்.

நான் செய்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஈரோடு.