ஆம்புலன்ஸ் வருவதற்குள்

நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். ஒருவர் 108-க்கு டெலிபோன் செய்கிறார். இன்னொருவர் சோடா வாங்க ஓடுகிறார். அடிபட்டவனின் தொடையிலிருந்து ரத்தம் பீறிடுகிறது. அதில் கை வைக்கத்தான் ஆளில்லை.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் ஒரு காரணம். இப்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்துடன் உதவுகிறவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. பணத்துக்கும் வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக சர்க்கார் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட தொகை வரை ஏற்றது. உயிர் காக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிறவருக்கு மத்திய சர்க்கார் தரும் பரிசு 2025-ல் 25,000 ரூபாயாக உயர்ந்தது.

தூக்கிச் செல்லப் பரிசு உண்டு; சரி. ஆனால் அதுவரை ரத்தம் காத்திருக்குமா? வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 2 லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. தொடையின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் அதற்குச் சில நிமிஷங்களே போதும்.

செய்ய வேண்டியது கடினமான வித்தையல்ல. துண்டோ, வேஷ்டியோ, புடைவைத் தலைப்போ, கிடைத்ததை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரு கைகளாலும் பலமாக அழுத்த வேண்டும். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் மேலே இன்னொரு துணி வைத்து, இன்னும் பலமாக அழுத்துங்கள். கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்காமல், அதைச் சுற்றி அழுத்துங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். நம் வீடுகளில் காபிப் பொடி அப்புவார்களே, அது பீறிடும் ரத்தத்தை நிறுத்தாது. காயத்தில் அழுக்குச் சேர்வதுதான் மிச்சம்.

கை கால்களில் அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், அகலமான துணியைக் கட்டி, குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கயிறு, மெல்லிய கம்பி உதவாது. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையிடையே தளர்த்தும்படி பழைய முதலுதவிப் புத்தகங்கள் சொல்லும். அது தவறு என்பது இன்றைய டாக்டர்களின் முடிவு. ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும். கட்டினால் கால் போய்விடும் என்று பயந்தவர்கள் உண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் இந்தக் கட்டினால் பிழைத்த சிப்பாய்கள் ஏராளம். இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் கால் கெடுவது அபூர்வம் என்றும் அங்கே தெரிந்தது.

அமெரிக்காவில் 2015 முதல் சாதாரண ஜனங்களுக்கே இதைக் கற்றுத் தருகிறார்கள். இங்கே விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடி வருகிறவர் யார்? டாக்டர் அல்ல, சாலையோர டீக்கடைக்காரரும், பின்னால் வந்த லாரி டிரைவரும்தான். டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இந்த அழுத்தத்தையும் கட்டையும் செய்து காட்டச் சொன்னால் என்ன?