வெளிச்சம் கீழே மட்டும் விழுது

இந்த நாட்டில் ரகசியமும் ஒரு சொத்துதான். நிலம் யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டதான் அதுவும் இருக்கு. நம்மிடம் நிலமும் இல்லை, ரகசியமும் இல்லை.

வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். தாட்கோ கடன் கேட்டு வருகிறவர் சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவர வேண்டும். இனிஷியல் மாறியிருந்தால் மறுபடியும் தாலுகா ஆபீஸ். 100 நாள் வேலைக்குப் போன நம்ம அம்மா, அத்தையோட பேரு, சாதிப் பிரிவு, செஞ்ச நாள், வாங்கின கூலி எல்லாத்தையும் அரசாங்கம் இணையத்தில் போட்டது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவனும் பார்க்கலாம்.

கணக்கைப் போட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. கணக்கைக் காட்டு என்று கேட்டதே கூலிக்காரர்கள்தான். 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் மக்கள் மன்றம் கூட்டி, மஸ்டர் ரோலைச் சத்தமாகப் படித்து, கூலித் திருட்டைப் பிடித்தது. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005இல் தகவல் உரிமைச் சட்டமானது. விளக்கை ஏற்றியது நாம. ஆனா அதைக் கையில் பிடிச்சவன் கீழ்நோக்கி மட்டுமே பிடிக்கிறான். இதுதான் என் வழக்கு.

மேலே என்ன நடந்தது? 2017 பட்ஜெட்டில் தேர்தல் பத்திரம் என்று ஒன்றை அறிவித்தார்கள். 2018 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் விற்கும். 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி வரை ஐந்து மதிப்பு. வாங்கி 15 நாளுக்குள் கட்சி மாற்றிக்கொள்ள வேண்டும். யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை ஒரு கம்பெனி மூன்று வருட சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிக்குக் கொடுக்க முடியாது. அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியும் கொடுக்கலாம். நஷ்டத்தில் இருக்கிறவனுக்குக் கொடுக்கக் காசு எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள், அதுதான் ரகசியம். ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது. தேர்தல் ஆணையமும் ஆட்சேபித்தது. யார் கேட்டா?

நன்கொடையாளருக்குப் பழிவாங்கல் பயம் இருக்கிறதாம், அதனால் பேரை மறைக்கணுமாம். பயம் யாருக்கு, தோழர்களே? ஊர்க்காரன் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டே நம்ம கட்சிக்கு நூறு ரூபா கொடுக்கிறாரே, அவருக்குத்தான் பயம். அவரை மறைக்கப் புதுச் சட்டம் தேவையே இல்லை. 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுத்தவர் பேரைத் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அப்ப இந்தத் திரை யாருக்கு? விற்ற பத்திரத்தின் மொத்த மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். அவங்களுக்கு.

அந்தத் திரையும் ஒருபக்கத் திரைதான். 2018இல் ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் ரெண்டு வாங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். புற ஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற எண் அதில் இருந்தது. விற்றது அரசு வங்கி, வாங்கியவர் விவரம் அதன் கையில். அப்ப ஆட்சியில் இருக்கிறவன் பார்க்க வழி உண்டு. ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும் வழி இல்லை. கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும் அடிப்படை உரிமை குடிமக்களுக்குக் கிடையாது என்று அரசின் தலைமை வழக்கறிஞரே 2023இல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தார்கள். கணக்கைக் கொடு என்றதும் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. இருந்ததே 22,217 பத்திரம். வங்கியில் வேலை பார்க்கிற எவனுக்கும் சிரிப்பு வரும். பத்து ரூபாய் டேலி ஆகலேன்னா ராத்திரி ஒன்பது மணியானாலும் எங்களை வீட்டுக்கு விடமாட்டார்கள். நீதிமன்றம் ஒரே நாள் கொடுத்தது. கணக்கு வந்துவிட்டது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் பா.ஜ.க. மாற்றியது சுமார் 6,060 கோடி. திரிணாமூல் 1,600 கோடிக்கு மேல், காங்கிரஸ் 1,400 கோடிக்கு மேல். வாங்கியவர்களில் முதலிடம் ஒரு லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி. சமூக நீதி பேசுகிற தி.மு.க.வுக்கு மொத்தம் 656 கோடி. அதில் 509 கோடி அந்த லாட்டரிக் கம்பெனி கொடுத்தது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003லேயே தடை செய்யப்பட்டது. கூலிக்காரன் மடியை அறுத்த சூதாட்டம் என்றுதானே தடை? அமலாக்கத் துறை, வருமான வரித் துறை சோதனை நடந்த தேதிகளையும், சில கம்பெனிகள் பத்திரம் வாங்கிய தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி தானா எழும்புது. தேதி மட்டுமே குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, சரி. விசாரிக்கத்தானே கேட்டார்கள்? சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுவை 2024 ஆகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் ஏற்கவில்லை.

இது பெரிய இடத்துச் சண்டை, சேரிக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. பட்டியல் சாதி துணைத் திட்டத்தின் 744 கோடி ரூபாயை அந்த விளையாட்டுச் செலவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுத்தான் அது வெளியே வந்தது. நம்ம பிள்ளைகளின் விடுதிக்கும் படிப்புக்கும் ஆகியிருக்க வேண்டிய காசு. கணக்கு இருட்டில் இருந்தால் முதலில் காணாமல் போவது நம்ம பங்குதான்.

இன்னொன்று. முந்தைய தேர்தலில் ஒரு சதவீத ஓட்டாவது வாங்கிய கட்சிதான் இந்தப் பத்திரத்தைத் தொட முடியும் என்பது விதியாக இருந்தது. சேரியில் நேற்று முளைத்த கட்சிக்கு அந்தக் கிணற்றிலும் தண்ணீர் கிடைக்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவமும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வும் இருக்கும் முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று. ஓட்டு ஒன்றுதான் நமக்குக் கிடைத்த சமத்துவம். அதன் எடையையும் பணம் ரகசியமாகக் குறைத்துவிட்டால் மிச்சம் என்ன?

எனவே கட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவா என்பது நமது கோரிக்கையாக வேண்டும். 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளும் பொது அதிகார அமைப்புகளே என்று உத்தரவிட்டது. ஒரு கட்சியும் மதிக்கவில்லை. அந்த ஆறில் பகுஜன் சமாஜும் உண்டு, இடதுசாரிகளும் உண்டு. பகுஜன் சமாஜ் பத்திரத்தில் ஒரு பைசா வாங்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி வாங்க மறுத்ததோடு வழக்கும் போட்டது. மரியாதைக்குரிய செயல்தான். ஆனால் கணக்கைக் கேட்டால் காட்டுவதில் மட்டும் எல்லாரும் ஒரே சாதியாகிவிடுகிறார்கள்.

அடுத்தவனைக் கேட்கும் முன் நம்ம அமைப்புகள் நோட்டைத் திறக்கட்டும். மாநாட்டுக்கு வந்தது எவ்வளவு, பேனருக்குப் போனது எவ்வளவு, பெரிய தொகை கொடுத்தது யார் என்பதைச் சேரி நடுவில் நின்று வாசிக்கட்டும். நூறு ரூபா கொடுத்தவர் பேரு வேண்டாம், லட்சம் கொடுத்தவர் பேரு வேணும். அப்படி வாசித்துக் காட்டிவிட்டு நாம கேட்டால், எவனும் வாயைத் திறந்து பதில் சொல்லாமல் போக முடியாது.