உதடே சீவாளி

பிறர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று சொல்வதைப் போல் எளிய வேலை உலகில் வேறில்லை. ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வண்டிக்கு இத்தனை டன் என்று அளவு உண்டு; அதற்கு மேல் ஏற்றினால் அச்சு தாங்காது என்பதை நாள்தோறும் ஏட்டில் எழுதிக் கொடுப்பவர்கள் நாம். ஆயினும், நம் வீட்டுப் பிள்ளையின் உதட்டுக்கும் அத்தகைய அளவு ஒன்று உண்டு என்பது சென்ற மார்கழி மாதத்தில்தான் நமக்கு விளங்கிற்று. இம்மாதம் அக்கதையையே எழுதத் துணிந்தோம். கதையில் குற்றவாளி நாமே ஆகையால், வேறு எவரும் வருந்த வேண்டியதில்லை.

செகந்திராபாத்தில் மெட்டுகூடாப் பக்கம் நம் வீடும் தமக்கையார் வீடும் அடுத்தடுத்த தெருக்களில் உள்ளன. தமக்கையாரின் மகனுக்கு வயது பதின்மூன்று. அவனுடைய பள்ளியில் பாண்டு வாத்தியக் குழு ஒன்று உண்டு. டிரம்பெட்டையும் டிரம்மையும் உயரமான பிள்ளைகள் முன்னரே எடுத்துக்கொண்டனர். எவரும் தொடாமல் மூலையில் கிடந்தது ஒரு பிரெஞ்சு ஹார்ன். அது நம் மருமகப்பிள்ளைக்கு வாய்த்தது.

அவ்வாத்தியத்தைப் பாராதவர்களுக்கு ஒரு சொல். நம் ஊர்த் திருவிழாக்களில் ஊதும் கொம்பின் மேனாட்டு உறவினன் அது. பன்னிரண்டு அடி நீளமுள்ள பித்தளைக் குழாயை வட்டமாகச் சுருட்டி, ஒரு முனையில் அகன்ற வாயும் மறுமுனையில் சிறு கிண்ணம் போன்ற ஊதுவாயும் வைத்திருப்பார்கள். இடக்கை விரல்கள் வால்வுகளை இயக்கும். வலக்கை அகன்ற வாய்க்குள் நுழைந்திருக்கும். பிரான்சு தேசத்து வேட்டைக் கொம்பிலிருந்து வளர்ந்ததாயினும், இன்று பெரிதும் வழங்கும் வடிவம் ஜெர்மானியர் கைவண்ணம். ஆகவே, "பிரெஞ்சு" என்ற அடைமொழி வேண்டாம், "ஹார்ன்" என்றாலே போதும் என்று சர்வதேச ஹார்ன் சங்கத்தார் 1971இல் பரிந்துரைத்தனர். நாமும் இனிக் கொம்பு என்றே சொல்லுவோம்.

பிள்ளை அதை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்து ஊதிய மாலையில், அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார், "இந்த நேரத்தில் எந்த வண்டி?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். நாங்கள் சிரித்தோம், பிள்ளையும் சிரித்தான். இரண்டு மாதத்தில் எல்லாரும் கேட்கத்தக்க ஒலி பிறந்தது. பாண்டு மாஸ்டர் மகிழ்ந்தார். ஜனவரி 26ஆம் நாள் குடியரசு தின அணிவகுப்பில் அவனுக்கு ஒரு பகுதி கொடுப்பதாகவும் சொல்லிவிட்டார்.

அங்கேதான் வினை தொடங்கிற்று. அப்பகுதியில் மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் சில இருந்தன. பிள்ளைக்கு அவை எட்டவில்லை. கொம்பில் ஒரே விரல் வைப்பில் பல ஸ்வரங்கள் பிறக்கும். மேலே போகப்போக அவை ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். உதடு எள்ளளவு தவறினாலும் வேண்டிய ஸ்வரம் நழுவி அண்டை ஸ்வரம் வந்துவிடும். நல்ல பாயிண்ட்ஸ்மேன் இல்லாத சந்திப்பில் வண்டி வேறு பாதையில் இறங்குவதைப் போன்றது அது.

நாமோ சங்கீதம் கேட்டவரேயன்றிக் கற்றவரல்லோம். ஆயினும் அறியாதவனுக்கே யோசனை அதிகம். "அழுத்திப் பிடித்து ஊதடா! வலித்தால் என்ன? உழைக்காமல் எது வரும்?" என்று ஒரு நாள் சொன்னோம். அவன் அழுத்தினான். ஸ்வரம் வந்தது! நாம் பெருமிதத்தோடு தமக்கையாரைத் திரும்பிப் பார்த்தோம். பத்து நாள் இப்படியே சென்றது. மார்கழிப் பனியில் இவ்வூர்க் காற்று எத்தனை வறட்சி என்பது வாசகர்கள் அறிந்ததே. பிள்ளையின் மேலுதட்டில் வட்டமாக ஒரு சிவந்த தழும்பு விழுந்தது. ஒலி முன்னைவிடக் கரகரத்தது. அவன் இன்னும் அழுத்தினான். ஒரு மாலை அவன் கொம்பைக் கீழே வைத்தபோது, வெள்ளி போல் மின்னும் ஊதுவாயின் விளிம்பில் இரத்தம் தெரிந்தது.

மருத்துவர் பார்த்தார். தையல் வேண்டியதில்லை, ஆறும்வரை ஊதலாகாது என்றார். தமக்கையார் நம்மைப் பார்த்து, "தம்பி, பிள்ளை வாயைக் கெடுத்துக்கொள்ளவா பள்ளிக்கு அனுப்பினோம்? நாளையே அந்தக் கொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா" என்றார். பிள்ளை அழவில்லை. "மாமா, நீங்கள்தானே அழுத்தச் சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டான். அக்கேள்வியுடன் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொம்பைத் திருப்பிக் கொடுக்குமுன், ஊதுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவரைக் கேட்போம் என்று தோன்றிற்று. நாம் வழக்கமாகச் செல்லும் கோயிலில், தஞ்சை ஜில்லாவிலிருந்து வந்து பல்லாண்டு நாயனம் வாசிக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளையை அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றோம்.

பெரியவர் பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். கொம்பை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதற்குச் சீவாளி எங்கே?" என்று கேட்டார். சீவாளி என்பது நாயனத்தின் நுனியில் செருகும் நாணல் துண்டு என்பது பலரும் அறிந்ததே. மூச்சுப் பட்டு அது அதிர்வதால்தான் நாதம் பிறக்கிறது. "தாத்தா, இதற்குச் சீவாளி கிடையாது. உதட்டை வைத்து ஊத வேண்டியதுதான்" என்றான் பிள்ளை. "அப்படியானால் உன் உதடே சீவாளி" என்றார் பெரியவர்.

பிறகு, தம் நாயனத்தில் நூல் கட்டித் தொங்கிய சீவாளிகளில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் தெரியுமா? காய்ந்திருந்தால் வாயில் வைத்து நனைப்பேன். இறுக்கமாக இருந்தால் பதப்படுத்துவேன். பல்லால் ஒருநாளும் கடித்ததில்லை. கடித்தால் நாதம் செத்துப்போகும். எனக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. ஆறேழு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உனக்கு எத்தனை இருக்கிறது?" என்றார். பிள்ளை தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாம் தரையைப் பார்த்துக்கொண்டோம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. பற்களின் ஆதரவு போனதும் உதட்டின் பிடியும் போய்விட்டது. நாற்பது ஆண்டுகள் வாசித்த கீர்த்தனத்தை வாய் மறந்துவிட்டதாம். பல் கட்டிக்கொண்டார், அப்பொழுதும் பிடி உடனே வரவில்லை. "என் மகன் வாசித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் தாளம் போட்டேன். வீட்டில் தினம் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, மெல்ல ஊதி, களைப்பு வருமுன் வைத்துவிடுவேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு மாதத்தில்தான் தாளத்தைச் சரியாகக் கேட்டேன்" என்றார். கோயில் மண்டபத்தில் தாளம் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்த அவரை அக்காலத்தில் நாமும் பார்த்திருக்கிறோம். வயதாகிவிட்டதாக்கும் என்று எண்ணிக் கடந்து போனோமேயன்றி, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டோமில்லை.

நிற்க. அன்று மாலையே பாண்டு மாஸ்டரையும் கண்டோம். அவர் இராணுவ வாத்தியக் குழுவிலிருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர் சொன்னதைக் கேட்டதும், "இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது" என்றார். பின்னர் அவர் விளக்கியதை நம் பிள்ளைகளின் நன்மைக்காக இங்கே தருகிறோம்.

உதட்டை ஊதுவாயில் பொருத்தும் முறையை மேனாட்டார் "ஆம்பஷூர்" என்பர். நாம் உதட்டுப் பிடி என்போம். கொம்பில் ஊதுவாயின் வட்டத்துள் மேலுதடு மூன்றில் இரண்டு பங்கும் கீழுதடு ஒரு பங்கும் அமைவது பொதுவாகச் சொல்லப்படும் முறை; பல்லமைப்புக்கேற்பச் சிறிது மாறலாம். வாயின் இரு கோடிகளும் உறுதியாக நிற்க வேண்டும். நடுப்பகுதி இளகி அதிர வேண்டும். மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது உதட்டிடைத் துளை சிறுத்து, மூச்சு விரைவாகச் செல்ல வேண்டும். இதைச் செய்வது உதட்டைச் சுற்றியுள்ள தசை. அத்தசைக்கு வலுவில்லாதபோது பிள்ளைகள் உலோகத்தை உதட்டின்மேல் அழுத்துகிறார்கள். அழுத்தினால் ஸ்வரம் உடனே வருவது உண்மையே; அதுதான் அதன் மோசடி. அழுத்திய இடத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது, உதடு மரத்துப்போகிறது, அதிராத உதட்டிலிருந்து ஒலி பெற மேலும் அழுத்த நேர்கிறது. கடனை அடைக்கக் கடன் வாங்குவதைப் போன்றது இது என்று அவர் சொன்னபோது, மாதச் சம்பளக்காரராகிய நமக்கு விஷயம் நன்கு விளங்கிற்று.

இத்துன்பம் பெரியோரையும் விட்டதில்லை. அமெரிக்க டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் (1901-1971) உதட்டுக் காயத்தால் 1930களில் சில மாதங்கள் வாத்தியத்தை விட்டிருக்க நேர்ந்தது. உதட்டுத் தசை கிழிவதை மருத்துவர்கள் அவருடைய செல்லப்பெயரால் "சாட்ச்மோ நோய்" என்று குறிப்பதும் உண்டு. கொம்பு வாசிப்பில் இங்கிலாந்தின் தலைசிறந்த கலைஞரான டென்னிஸ் பிரெய்னின் (1921-1957) தந்தை ஆப்ரே பிரெய்னும் ஒரு கொம்பு வித்துவானே. ஆயினும், பல்லும் உதடும் முதிரும்வரை பிள்ளை இதைத் தீவிரமாகப் பயிலலாகாது என்று அவர் கருதினார். வீட்டிலேயே வித்தை இருந்தும் மகனைக் காத்திருக்க வைத்தார் அத்தந்தை. வித்தையே அறியாத நாம் பத்து நாளில் பலன் கேட்டோம்!

மற்றொருவர் கதை பிள்ளைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஜெர்மனியில் 1991இல் பிறந்த பெலிக்ஸ் கிளீசர் என்பவர் இரு கைகளுமின்றிப் பிறந்தவர். கொம்பை ஒரு தாங்கியில் நிறுத்தி, இடக்கால் விரல்களால் வால்வுகளை இயக்கி, உலக மேடைகளில் வாசிக்கிறார். அகன்ற வாய்க்குள் வைக்கக் கை இல்லை. ஆகவே, கை செய்யும் வேலையில் ஒரு பகுதியையும் உதடும் மூச்சுமே ஏற்றுக்கொள்கின்றன. "பார்த்தீர்களா மாமா, தாத்தா சொன்னது சரிதான்" என்றான் பிள்ளை.

தமக்கையார் மனம் இளகினார். ஆனால் நிபந்தனைகள் விதித்தார். புண் முற்றும் ஆறும்வரை கொம்பு பெட்டியில் இருக்க வேண்டும். பிறகு, காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஊதிய நேரம் அளவுக்கு ஓய்வு. கீழ் ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்கள் மட்டும். ஊதுவாயை ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டும். உதடு காயாமல் இரவில் சிறிது வெண்ணெய் தடவ வேண்டும். வலி தோன்றினால் அக்கணமே நிறுத்த வேண்டும். முக்கியமாக, "மாமா யோசனை சொல்லக்கூடாது." கடைசி நிபந்தனைக்கு நாமே முதலில் கையொப்பமிட்டோம்.

குடியரசு தினம் வந்தது. கொம்புப் பகுதியை விட்டுவிட்டே அணிவகுப்பு நடந்தது. ஆயினும் நம் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. அவனே பாண்டு மாஸ்டரிடம் சென்று, கைத்தாளம் வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறான். இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளை ஏந்தி, வெயிலில் முகம் சிவக்க, ஓரடியும் தவறாமல் தாளம் போட்டுக்கொண்டு அவன் நடந்து சென்றபோது, வேலியருகில் நின்ற தமக்கையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நமக்கோ கோயில் மண்டபத்தில் தாளத்தோடு அமர்ந்திருந்த அம்முதியவரின் முகம் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்டு 15ஆம் நாள் சுதந்திர தினத்தன்று கொம்பு மீண்டும் வெளியே வந்தது. மேல் ஸ்வரங்கள் இன்னும் அவனுக்கு முழுமையாக வசப்படவில்லை. கீழ்ப் பகுதியில் எட்டு வரிகள் மட்டும் ஊதினான். ஒலி மெலிந்திருந்தாலும் சுத்தமாயிருந்தது, கரகரப்பு இல்லை. உதட்டில் தழும்பும் இல்லை. அன்று மாலை கோயிலுக்குச் சென்று பெரியவரை வணங்கினோம். அவர் பிள்ளையின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "சீவாளி பதமாயிருக்கிறது" என்றார்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் பாட்டும் பரதமும் வீணையும் வயலினும் கற்கின்றனர். பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், அவர்கள் விரைவில் மேடை ஏறிவிட வேண்டும் என்று துடிப்பது இயல்பே. அத்துடிப்பில் நாம் சொல்லும் "இன்னும் கொஞ்சம்" எந்த உதட்டில், எந்த விரலில், எந்தத் தொண்டையில் போய் அழுத்துகிறது என்பதை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பிள்ளை வாசிக்கிறான். அடுத்த வீட்டு அம்மையாரும் இப்போது, "எந்த வண்டி?" என்று கேட்பதில்லை, "இன்று ஏன் இன்னும் ஊதவில்லை?" என்று கேட்கிறார். "ஓய்வு நேரம், அம்மா" என்று நாம் விடை கூறுகிறோம்.